வெப்பத்தின் சாட்சியம்: ஒரு பெயரும் இரு கட்டுரைகளும்

ஆலன் சோக்கல் என்ற பெயரை இலக்கிய வாசகர்களுக்குப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் அப்போது இயற்பியல் பேராசிரியராக இருந்த அவர் எழுதிய ஒரு கட்டுரை, 1996ஆம் ஆண்டு 'சோஷியல் டெக்ஸ்ட்' என்னும் பண்பாட்டு ஆய்விதழில் வெளிவந்தது. இயற்பியல் கூறும் புற உலகம் என்பதே சமூகமும் மொழியும் சேர்ந்து கட்டியெழுப்பியது என்ற தொனியில், பிரெஞ்சுச் சிந்தனையாளர்களின் மேற்கோள்களோடு அது எழுதப்பட்டிருந்தது. கட்டுரை வெளியான கையோடு, அது வேண்டுமென்றே எழுதப்பட்ட பகடி என்பதைச் சோக்கல் 'லிங்குவா ஃபிராங்கா' என்ற வேறோர் இதழில் அறிவித்தார். இயற்பியல் விதிகள் வெறும் சமூக மரபுகள்தாம் என்று நம்புகிறவர்கள், தாம் குடியிருக்கும் 21ஆம் மாடியின் சன்னல் வழியே அவற்றை மீறிப் பார்க்கலாம் என்று அழைப்பும் விடுத்தார். பின்நவீனத்துவ விவாதங்கள் சூடாக நடந்துகொண்டிருந்த நம் சிற்றிதழ்ச் சூழலுக்கும் அந்தச் சிரிப்பொலி வந்து சேர்ந்தது. கோட்பாட்டை வெறுத்தவர்கள் அதை ஒரு தடியாகக் கையில் எடுத்தார்கள். கோட்பாட்டை நேசித்தவர்கள் அதை ஒரு துரோகமாகக் கண்டார்கள்.

நாம் இங்கே பேசப்போவது அந்தக் கட்டுரையைப் பற்றி அன்று. அதற்கு இருபத்தொரு ஆண்டுகளுக்கு முன், 1975 ஜூனில், ஐ.இ.இ.இ. என்னும் மின்பொறியாளர் அமைப்பு நடத்தும் திண்மநிலைச் சுற்றுகளுக்கான ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியானது. எழுதியவர்கள் இருவர்: நாதன் சோக்கல், ஆலன் சோக்கல். தந்தையும் மகனும். தந்தை மின்பொறியாளர். மகனுக்கு அப்போது வயது இருபது, ஹார்வர்டில் மாணவர். கட்டுரையின் பொருள், வானொலி அதிர்வெண்ணில் இயங்கும் ஆற்றல் பெருக்கிகளில் ஒரு புதிய வகை. 'இ வகுப்புப் பெருக்கி' என்று அவர்கள் அதற்குப் பெயரிட்டார்கள். 1996இன் கட்டுரையை அறிந்த இலக்கியவாதிகளுக்கு 1975இன் கட்டுரை தெரியாது. 1975இன் கட்டுரையை அன்றாடம் பயன்படுத்தும் பொறியாளர்களில் பலருக்கு 1996இன் கலகம் தெரியாது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், 1990களில் நாம் நடத்திய விவாதம் வேறொரு வெளிச்சத்தில் தெரிகிறது. அதற்கு முதலில் இந்தப் பெருக்கிகளின் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும்.

*

ஒரு வானொலி நிலையத்தின் கருவிகளில் கடைசியாக, ஆண்டெனாவுக்கு முன்னால் நிற்பது ஆற்றல் பெருக்கி. அதற்கு முன்னுள்ள சுற்றுகள் எல்லாம் மெல்லிய குரலில் பேசுபவை. அந்த மெல்லிய குரலை நாடு முழுக்கக் கேட்கச் செய்யும் தொண்டை இதுதான். மின்நிறுவனத்திடமிருந்து விலை கொடுத்து வாங்கிய மின்சாரத்தை, நொடிக்குப் பல இலட்சம் முறை அதிரும் அலையாக மாற்றி ஆண்டெனாவுக்கு அனுப்புவது அதன் வேலை. ஆனால் வாங்கிய மின்சாரம் முழுவதும் அலையாவதில்லை. ஆகாத பகுதி வெப்பமாகும். வாங்கியதில் எத்தனை பங்கு அலையாயிற்று என்ற விழுக்காட்டைப் பயனுறுதிறன் என்கிறோம். இந்தத் துறையின் நூறாண்டு வரலாறு பெரும்பாலும் அந்த ஒரே எண்ணைச் சுற்றி நடந்த போராட்டம்.

லீ டி ஃபாரஸ்ட் 1906இல் 'ஆடியான்' என்ற குழாயை உருவாக்கினார். அதைப் பெருக்கியாகப் பயன்படுத்தலாம் என்பது விளங்கவும், அதனுள் நல்ல வெற்றிடம் அமையவும் மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் பொறியாளர்கள் 1915இல், வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் இருந்த அமெரிக்கக் கடற்படையின் ஆண்டெனாவைக் கொண்டு மனிதக் குரலைக் கடல் கடந்து அனுப்பினார்கள். பாரிசில் ஈஃபிள் கோபுரத்தில் அமர்ந்திருந்தவர்களும், பசிபிக் நடுவே ஹவாய்த் தீவில் காத்திருந்தவர்களும் அதைக் கேட்டார்கள். உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. பிரெஞ்சு இராணுவம் தன் கோபுரத்தைச் சற்று நேரம் விட்டுக்கொடுத்திருந்தது. அந்தக் குரலுக்குப் பின்னால் ஆர்லிங்டனில் ஏறத்தாழ 500 கண்ணாடிக் குழாய்கள் இணையாக இணைக்கப்பட்டு எரிந்துகொண்டிருந்தன.

ஏன் 500? ஒரு கண்ணாடிக் குழாய் தாங்கக்கூடிய வெப்பம் மிகச் சொற்பம் என்பதே காரணம். அதற்கு மேல் ஏற்றினால் உள்ளே இருக்கும் தகடு சிவந்து, வெற்றிடம் கெட்டு, குழாய் செத்துவிடும். எனவே ஒரு பெரிய வேலையைச் சின்னஞ்சிறு கூலியாட்கள் ஐந்நூறு பேருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் வில்லியம் ஹவுஸ்கீப்பர் செம்பையும் கண்ணாடியையும் காற்றுப் புகாமல் ஒட்டும் முறையைக் கண்டுபிடித்த பின்னரே நிலைமை மாறியது. அதன்பின் குழாயின் தகடே வெளிச்சுவராக ஆயிற்று. அதன்மேல் நேரடியாகத் தண்ணீரைப் பாய்ச்ச முடிந்தது. 1920களில் பல கிலோவாட் தாங்கும் குழாய்கள் வந்தன. வெப்பம் ஒழிந்துவிடவில்லை, தண்ணீரில் கரைத்து வெளியே கொண்டுபோக ஒரு வழி கிடைத்தது, அவ்வளவே.

அந்த வழி எங்கே போய் முடிந்தது என்பதை அறிய, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்திற்குச் செல்ல வேண்டும். சின்சினாட்டியின் டபிள்யூ.எல்.டபிள்யூ. என்னும் ஒலிபரப்பு நிலையம் பவல் கிராஸ்லி என்ற வானொலிப்பெட்டி உற்பத்தியாளருடையது. விலை மலிவான பெட்டிகளை விற்றவர் அவர். மலிவான பெட்டியிலும் கேட்க வேண்டுமானால் ஒலிபரப்பு வலுவாக இருக்க வேண்டும் என்பது அவருடைய வணிகக் கணக்கு. 1934 மே 2ஆம் நாள், வெள்ளை மாளிகையிலிருந்து குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் தொடங்கிவைக்க, 500 கிலோவாட் ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. மற்றப் பெரிய நிலையங்களின் உச்ச அளவு 50 கிலோவாட்டாக இருந்த காலம். அக்கம்பக்கத்துப் பண்ணைகளின் முள்வேலிகளும் கூரைத் தகரங்களும் பாடின என்று இன்றும் கதை சொல்வார்கள். கதைகள் ஒருபுறம் இருக்கட்டும். அந்த நிலையத்தின் படங்களில் கட்டடத்துக்கு முன்னால் நீரூற்றுகளோடு ஒரு குளம் தெரியும். அது அழகுக்காக வெட்டப்பட்டதன்று. குழாய்களிலிருந்து சூடாகத் திரும்பும் தண்ணீரைத் தூறலாகத் தெளித்து ஆற்றுவதற்கானது.

*

இந்த வெப்பம் எங்கிருந்து வருகிறது? குழாயின் குறுக்கே மின்னழுத்தமும் இருந்து, அதனூடே மின்னோட்டமும் ஓடினால், இரண்டின் பெருக்கற்பலன் அத்தனையும் அங்கேயே வெப்பமாகும். 'ஏ வகுப்பு' என்று அழைக்கப்படும் பெருக்கியில் குழாய் எந்நேரமும் மின்னோட்டத்தைக் கடத்திக்கொண்டே இருக்கும். கேட்பதற்கு ஒருவரும் இல்லாத மண்டபத்திலும் கச்சேரி நடப்பது போல. கோட்பாட்டின் உச்சத்திலேகூட அதன் பயனுறுதிறன் 50 விழுக்காட்டைத் தாண்டாது. 'பி வகுப்பில்' குழாய் அலையின் ஒரு பாதியில் மட்டும் வேலை செய்து மறுபாதியில் ஓய்வெடுக்கும். அதன் உச்சம் 78.5 விழுக்காடு. 'சி வகுப்பில்' பாதிக்கும் குறைவான நேரமே வேலை. பயனுறுதிறன் இன்னும் உயரும். ஆனால் உள்ளே வரும் அலையின் ஏற்ற இறக்கத்தை அது உள்ளபடி பின்தொடராது.

அன்றைய வானொலியோ ஏற்ற இறக்கத்தையே நம்பி வாழ்ந்தது. மத்திய அலை ஒலிபரப்பில் சுமப்பலையின் உயரம் ஏறி இறங்குவதில்தான் பாட்டும் பேச்சும் இருக்கின்றன. ஒலி உச்சத்தைத் தொடும்போது அலையின் உயரம் இரு மடங்காகும், ஆற்றல் நான்கு மடங்காகும். பி வகுப்பின் 78.5 விழுக்காடு என்பது அந்த உச்சத்தில் மட்டும் கிடைக்கும் பெருமை. பேச்சாளர் மூச்சு வாங்கும்போதும், பாடகி தாழ்ந்த சுருதியில் இழையும்போதும், அலை பாதி உயரத்திலேயே நிற்கும். அப்போது பயனுறுதிறனும் பாதியாகும். நடைமுறையில் ஏறத்தாழ 33 விழுக்காடுதான் கிடைத்தது. எப்போதாவது வரும் உச்சத்துக்காக எந்நேரமும் தண்டம் கட்டும் ஏற்பாடு. 50 கிலோவாட் நிலையம் ஒன்று கடைசிப் பெருக்கிக்கு மட்டும் 150 கிலோவாட் வாங்கி, அதில் 100 கிலோவாட்டைத் தண்ணீரில் கொட்டியது. வேறொரு வழியும் இருந்தது. சுமப்பலையை சி வகுப்பில் பெருக்கிவிட்டு, ஒலி அலையைத் தனியே பெரும் ஆற்றலுக்கு உயர்த்தி அதன்மேல் ஏற்றுவது. கிராஸ்லியின் நிலையம் அவ்வழியில்தான் சென்றது. அதற்கு இராட்சத மின்மாற்றிகளும், ஒலிக்கென்றே தனியாக ஒரு பெருக்கிக் கூட்டமும் வேண்டியிருந்தன.

இந்த இடத்தில்தான் வில்லியம் டோஹெர்ட்டி வருகிறார். 1907இல் பிறந்தவர், ஹார்வர்டில் படித்தவர், 1929இல் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தவர். 1936 செப்டம்பரில் வானொலிப் பொறியாளர் கழகத்தின் இதழில் அவருடைய கட்டுரை வெளியானது. அவர் கேட்ட கேள்வி எளிமையானது. உச்சம் எப்போதாவதுதான் வருகிறது என்றால், உச்சத்துக்கென்று தனியாக ஒரு குழாயை வைத்துக்கொண்டு, அதை மற்ற நேரத்தில் உறங்கவிட்டால் என்ன?

கேட்க எளிது, செய்ய எளிதன்று. முதற்குழாய் சாதாரண அளவிலேயே தன் மின்னழுத்தத்தின் எல்லையைத் தொட்டு முழு முனைப்பில் உழைக்க வேண்டும். அப்போதுதான் அதன் பயனுறுதிறன் உச்சத்தில் இருக்கும். உச்சம் வரும்போது இரண்டாவது குழாய் விழித்தெழுந்து உதவ வேண்டும். ஆனால் இருவரும் ஒரே சுமையைத் தள்ளத் தொடங்கினால், சுமையின் மீதுள்ள மின்னழுத்தம் உயரும். முதற்குழாயோ ஏற்கெனவே கையை எட்டிய மட்டும் உயர்த்திவிட்டது. அதற்கு மேல் உயர்த்த இடமில்லை. உதவிக்கு வந்தவனே இடைஞ்சலாகிப் போவான். அது மேலும் ஆற்றலைத் தர வேண்டுமானால், மின்னழுத்தம் மாறாமல் மின்னோட்டம் மட்டும் கூட வேண்டும். அதாவது இரண்டாமவன் வரும்போது முதலாமவனுக்குத் தெரியும் மின்தடை குறைய வேண்டும். இயல்பாக நடப்பதோ நேர் எதிர்.

டோஹெர்ட்டியின் விடை, முதற்குழாய்க்கும் சுமைக்கும் இடையே அலைநீளத்தில் கால் பங்குக்கு ஈடான ஓர் இணைப்பைச் சேர்ப்பது. அத்தகைய இணைப்புக்கு ஒரு விசித்திரப் பண்பு உண்டு. ஒரு முனையில் மின்தடை ஏறினால் மறுமுனையில் இறங்கியதாகக் காட்டும். கண்ணாடி இடத்தை வலமாகக் காட்டுவது போல. இரண்டாம் குழாய் விழித்ததும் சுமையின் பக்கம் மின்தடை ஏறியதாகத் தோன்ற, கண்ணாடிக்கு இப்பால் நிற்கும் முதற்குழாய்க்கு அது இறங்கியதாகத் தெரிகிறது. அது தன் மின்னழுத்தத்தை உயர்த்தாமலேயே இரு மடங்கு ஆற்றலைத் தருகிறது. மறு இரு மடங்கை இரண்டாமது தருகிறது. நான்கு மடங்கு கணக்கு நேராகிவிடுகிறது. கால் அலை இணைப்பால் நேரும் தாமதத்தை, இரண்டாம் குழாயின் வாசலில் அதே அளவு தாமதத்தை வைத்துச் சரிசெய்துவிடலாம்.

பயனுறுதிறன் 60 விழுக்காட்டைத் தாண்டியது. மேலே சொன்ன 50 கிலோவாட் நிலையம் இப்போது 150க்குப் பதில் சுமார் 83 கிலோவாட் வாங்கினால் போதும். தண்ணீரில் போகும் வெப்பம் 100இலிருந்து 33 ஆயிற்று. புதிய குழாய் இல்லை, புதிய உலோகம் இல்லை. இருந்த பொருட்களை வேறு வரிசையில் அடுக்கியதில் கிடைத்த மிச்சம். 1938இல் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் டபிள்யூ.எச்.ஏ.எஸ். நிலையம் இம்முறையில் 50 கிலோவாட்டில் ஒலிபரப்பத் தொடங்கியது. இதே காலத்தில், 1935இல், பிரான்சின் ஆன்றி ஷிரே வேறொரு விடையையும் வெளியிட்டிருந்தார். உயரம் மாறாத இரு அலைகளின் கட்டத்தை முன்பின்னாக நகர்த்திக் கூட்டுவதன்மூலம் ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும் வழி அது. அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் ஒரே கேள்வி ஒரே நேரத்தில் பழுத்திருந்தது.

*

இங்கே நம் கதையில் வெப்பம் அல்லாத ஒரு சக்தி நுழைகிறது. கிராஸ்லியின் 500 கிலோவாட்டை வெப்பம் தோற்கடிக்கவில்லை. 1938இல் அமெரிக்க செனட் சபை, எந்த ஒலிபரப்பு நிலையத்துக்கும் 50 கிலோவாட்டுக்கு மேல் அனுமதி கூடாது என்று கருத்துத் தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஒரே குரல் நாடு முழுவதையும் ஆள்வதை மற்ற நிலையங்கள் அஞ்சின. 1939 மார்ச் 1ஆம் நாளோடு அந்த நிலையத்தின் வழக்கமான 500 கிலோவாட் ஒலிபரப்பு முடிவுக்கு வந்தது. இயற்பியல் அனுமதித்ததை அரசியல் அனுமதிக்கவில்லை.

டோஹெர்ட்டியின் சுற்றுக்கும் அப்படியே. உயர் ஆற்றல் மத்திய அலை ஒலிபரப்பில் அது சில பதிற்றாண்டுகள் நிலைத்தது. பிறகு வேறு முறைகள் வந்தன. பண்பலை ஒலிபரப்பில் அலையின் உயரம் மாறுவதே இல்லை. ஆகவே சி வகுப்பே போதுமாயிற்று. பின்னர் வந்த ஜி.எஸ்.எம். கைப்பேசியும் உயரம் மாறாத அலையைத்தான் தேர்ந்தது. டோஹெர்ட்டி தீர்த்த சிக்கலே காணாமற்போன பின் தீர்வை யார் நினைப்பார்கள்? பாடநூல்களில் அது ஓரத்துக்குப் போயிற்று.

புத்தாயிரத்தின் வாக்கில், ஒரே அலைவரிசையில் பல பயனர்களின் தரவை அடைக்கும் சி.டி.எம்.ஏ. முதலிய முறைகள் வந்தபோது அலையின் உயரம் மீண்டும் ஏறி இறங்கத் தொடங்கியது. எப்போதாவது வரும் உச்சம், எந்நேரமும் கட்டும் தண்டம் என்ற 1936இன் சிக்கல் கைப்பேசிக் கோபுரங்களின் அடியில் மறுபடி எழுந்தது. பழைய சுற்றைத் தூசு தட்டி எடுத்தார்கள். குழாயின் இடத்தில் டிரான்சிஸ்டர், இராட்சதச் சுருள்களின் இடத்தில் அச்சுப்பலகையின் செம்புக் கோடுகள். சுற்று அதேதான். அது அறிமுகப்படுத்தும் சிறு திரிபுகளைக் கணிப்பொறியால் முன்கூட்டியே நேர்செய்ய முடிந்ததும் அதற்கு உதவியது. இன்று நம் ஊர்க் கோபுரங்களில் உள்ள பெருக்கிகளில் மிகப் பரவலாகப் பயன்படும் அமைப்புகளுள் ஒன்று அவருடையது. டோஹெர்ட்டி 2000ஆம் ஆண்டில் காலமானார். தன் இருபத்தெட்டாம் வயதின் யோசனை உலகம் முழுவதும் திரும்பி வருவதற்குச் சற்று முன்னர்.

*

இப்போது சோக்கல்களிடம் வருவோம். 1970களில் குழாய்களின் இடத்தை டிரான்சிஸ்டர்கள் பிடித்திருந்தன. டோஹெர்ட்டியின் கேள்வி, வெப்பம் எந்த நேரத்தில் வீணாகிறது என்பது. சோக்கல்களின் கேள்வி அதைவிட நுண்ணியது. ஒவ்வொரு அதிர்விலும், எந்தக் கணத்தில் வீணாகிறது?

டிரான்சிஸ்டரை நீர்க்குழாயின் திருகு போலக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து மூடாமல், வீட்டு மின்விளக்கின் சுவிட்சு போல முழுக்கத் திறந்து முழுக்க மூடினால் வெப்பம் இருக்கக்கூடாது. மூடிய சுவிட்சில் மின்னோட்டம் உண்டு, மின்னழுத்தம் இல்லை. திறந்த சுவிட்சில் மின்னழுத்தம் உண்டு, மின்னோட்டம் இல்லை. இரண்டில் ஒன்று எப்போதும் பூஜ்யம், எனவே பெருக்கற்பலனும் பூஜ்யம். கோட்பாட்டில் நூறு விழுக்காடு. ஆனால் நொடிக்குப் பல இலட்சம் முறை மாறும் சுவிட்சு கணப்பொழுதில் மாறுவதில்லை. மாறும் இடைவெளியில் இரண்டும் சேர்ந்து இருக்கின்றன. போதாக்குறைக்கு டிரான்சிஸ்டருக்குள்ளேயே இயல்பாக ஒரு சிறு மின்தேக்கம் உண்டு. மின்னழுத்தம் இருக்கும்போது சுவிட்சை மூடினால், அதில் சேர்ந்திருந்த மின்னூட்டம் முழுவதும் டிரான்சிஸ்டருக்குள்ளேயே கொட்டி வெப்பமாகும். ஒவ்வொரு அதிர்விலும் சிறிதளவுதான். ஆனால் அதிர்வுகள் இலட்சக்கணக்கில் பெருகும்போது அதுவே பெருந்தீயாகிறது.

சோக்கல்கள் சுவிட்சை வேகமாக்க முயலவில்லை. சுவிட்சு மாறும் கணத்தில் அங்கே இழப்பதற்கு ஒன்றுமே இல்லாதபடி சுற்றுவட்டாரத்தை அமைத்தார்கள். ஓடும் பேருந்தில் தாவி ஏறுபவர் அடிபடுவதுண்டு. பேருந்து நிறுத்தத்துக்கு நேராக வந்து, வேகமும் முற்றாக அடங்கிய கணத்தில் ஏறுபவருக்கு ஓர் அசைவும் தெரியாது. இங்கே இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. இடமும் சரியாக இருக்க வேண்டும், வேகமும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இ வகுப்புச் சுற்றில் மின்தூண்டியும் மின்தேக்கியும் சேர்ந்த வலை, சுவிட்சு திறந்திருக்கும் நேரத்தில் மின்னழுத்தத்தை ஓர் அலையாக எழுப்பி, சரியாகச் சுவிட்சு மூட வேண்டிய கணத்தில் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. பூஜ்யமாவதோடு, அது மாறும் வேகமும் அப்போது பூஜ்யம். ஆகவே சுவிட்சு இம்மி முன்பின்னாக மூடினாலும் பெரிய தீங்கில்லை. வெப்பத்துக்குக் காரணமாயிருந்த டிரான்சிஸ்டரின் உள்மின்தேக்கம் இந்த வலையில் ஓர் உறுப்பாகவே சேர்க்கப்பட்டுவிட்டது. அழிக்க முடியாத எதிரியைக் குடும்பத்தில் ஒருவராக்கிக்கொண்டது போல. இதற்கு விலையும் உண்டு. மின்னழுத்த அலையின் உச்சி, வழங்கும் மின்னழுத்தத்தைப்போல் ஏறத்தாழ மூன்றரை மடங்கு உயரும். டிரான்சிஸ்டர் அதைத் தாங்க வேண்டும்.

அவர்கள் அளந்து காட்டிய முடிவு இது: சுண்டுவிரல் நுனி அளவேயான இரண்டு உலோகத் தொப்பி டிரான்சிஸ்டர்கள், நொடிக்கு 39 இலட்சம் அதிர்வுகளில், 26 வாட் வெளியீடு, டிரான்சிஸ்டர்களின் பயனுறுதிறன் 96 விழுக்காடு. அதாவது அவற்றில் வீணானது ஏறத்தாழ 1 வாட். அதே வெளியீட்டை 70 விழுக்காட்டில் எடுத்திருந்தால் 11 வாட் வெப்பம் அந்தச் சிறு தொப்பிகளில் இறங்கியிருக்கும். தொட்ட விரல் கொப்பளித்திருக்கும். 1977இல் ஃபிரெடெரிக் ராப் என்ற ஆய்வாளர் இந்தச் சுற்றின் கணிதத்தை முழுமையாக வகுத்தளித்தார். அவரேதான் 1987இல் உறங்கிக்கொண்டிருந்த டோஹெர்ட்டியின் சுற்றுக்கும் புதிய பகுப்பாய்வு எழுதியவர் என்பது குறிப்பிடத்தக்கது.

*

ஆலன் சோக்கலின் 21ஆம் மாடிச் சன்னலைவிட இந்த டிரான்சிஸ்டர் நல்ல எடுத்துக்காட்டு என்று நமக்குத் தோன்றுகிறது. சன்னல் ஒரு மிரட்டல். டிரான்சிஸ்டரோ ஒரு பரிசோதனை. எந்தச் சொல்லாடலாலும் அதைக் குளிர்விக்க முடியாது. யார் செய்தார், எந்தப் பல்கலைக்கழகத்தில், எந்த மொழியில், எந்தக் கோட்பாட்டின் பேரால் என்று அது கேட்பதில்லை. கணக்குத் தவறினால் சுடும், சரியானால் சுடாது. இருபது வயதில் இத்தகைய ஒன்றோடு பழகிய ஒருவருக்கு, எல்லாமே மொழிக்கட்டுமானம் என்ற பேச்சு பின்னாளில் எரிச்சலூட்டியிருந்தால் அதை நம்மால் புரிந்துகொள்ள முடிகிறது. அவர் வலதுசாரியும் அல்லர் என்பதை நம் விவாதங்களில் பலர் மறந்தார்கள். 1980களில் சாந்தினிஸ்டா ஆட்சிக்கால நிகராகுவாவின் தேசியப் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்தவர் அவர்.

ஆனால் கதை இங்கே முடிந்துவிடுவதில்லை. 1975இன் கட்டுரைத் தலைப்பில் 'புதிய' என்ற சொல் இருந்தது. அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன், 1964இல், ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜெரால்டு யூவிங் என்பவர் முனைவர் பட்ட ஆய்வேடு ஒன்றை அளித்திருந்தார். உயர் பயனுறுதிறன் கொண்ட வானொலி அதிர்வெண் பெருக்கிகள் பற்றியது. இ வகுப்பின் அடிப்படைக் கருத்து அதில் ஏற்கெனவே இருந்தது. சோவியத் நாட்டில் போப்போவ் 1970இலும், கோசிரெவ் 1971இலும் இதையொத்த சுவிட்சுப் பெருக்கிகளைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஆனால் எழுதியது ரஷ்ய மொழியில். பனிப்போர்க் காலத்துத் தொகுப்புகளில் வந்தவை அவை. மேற்கின் பொறியாளர் மேசைக்கு அவை வந்து சேரவில்லை.

சோக்கல்களைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. இரு நிபந்தனைகளையும் தெளிவாக வரையறுத்து, வடிவமைப்புக்கான வழியை எழுதி, மற்றவர் எடுத்தாளும்படி ஒரு பெயரும் இட்டவர்கள் அவர்கள்தாம். அறிவு பொதுச்சொத்தாவதற்கு அந்த உழைப்பும் தேவை. ஆய்வேடு நூலக அடுக்கில் இருந்தது, காப்புரிமையும் எழுத்துப் பெயரும் கொண்ட கட்டுரை உலகைச் சுற்றியது. மாஸ்கோவில் பயின்ற பொறியாளரான ஆந்திரேய் கிரெபென்னிகோவ் சோவியத் முன்னோடிகளைப் பற்றிப் பின்னாளில் ஆங்கிலத்தில் விரிவாக எழுதினார். 2007இல் அவரும் நாதன் சோக்கலும் இணைந்து சுவிட்சுவகைப் பெருக்கிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். அறிவியலுக்குள் நடந்த இத்தகைய கைகுலுக்கல்கள், 1996இன் கலகத்தைப் போலச் செய்தித்தாள்களில் வருவதில்லை.

ஆக, ஒரே சுற்றின் வரலாற்றில் இரண்டு வகை உண்மைகள் கிடக்கின்றன. டிரான்சிஸ்டர் சுடுகிறதா என்பது ஒன்று. அதை ஓரிகனில் அளந்தாலும் லெனின்கிராடில் அளந்தாலும் விடை ஒன்றே. அதனால்தான் ஒருவரையொருவர் அறியாதவர்கள் ஒரே இடத்துக்கு வந்து சேர முடிந்தது. அந்தச் சந்திப்பைச் சமூகக் கட்டுமானம் என்ற சொல்லால் விளக்க முடியாது. யாருடைய சுற்று கட்டப்பட்டது, யாருடைய பெயர் நிலைத்தது, எது பல ஆண்டுகள் உறங்கியது என்பது மற்றொன்று. அங்கே மொழி, எல்லைக்கோடு, சட்டமன்றம், சந்தை எல்லாம் வேலை செய்கின்றன. அந்தப் பகுதியை ஆராயச் 'சோஷியல் டெக்ஸ்ட்' போன்ற இதழ்களுக்கு முழு உரிமை உண்டு. அங்கே தேவையும் உண்டு. அவர்கள் செய்த பிழை, இரண்டாவதற்கான கருவியை முதலாவதன்மேல் பிரயோகித்தது. சோக்கலின் சிரிப்பைக் கடன் வாங்கியவர்கள் செய்த பிழை, முதலாவது இருப்பதாலேயே இரண்டாவது இல்லை என்று முடிவு கட்டியது.

1990களில் நாம் இரண்டு அணியாகப் பிரிந்து நின்று, இந்த இரண்டு பிழைகளையும் பங்கிட்டுக்கொண்டோம். ஒரு பெருக்கியின் முன்னால் உட்கார்ந்திருந்தால் அந்தப் பிரிவினை நேர்ந்திராது. அங்கே டிரான்சிஸ்டரைத் தொட்டுப் பார்க்க ஒரு விரல் வேண்டும். அதற்கு முன்னால் அதைச் செய்தவர் யார் என்று அறிய ஒரு நூலகமும், இன்னொரு மொழியும் வேண்டும். இரண்டில் எது ஒன்றைக் கைவிட்டாலும் நமக்குத் தெரிவது பாதிக் கதைதான்.